நாற்பது மடங்கு எறும்பு

“இது ரெக்கார்டு நோட்டா, சினிமா போஸ்டரா?”

உயிரியல் மிஸ் நோட்டை விரித்துத் தூக்கிக் காட்டினார். இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஓர் எறும்பு படுத்திருந்தது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், ஈர்க்குச்சி தடிமனுக்குக் கோடு.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வரைந்தவள் சிரிக்கவில்லை. வாயாடி என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். அதற்குக் குறை வைக்காமல்தான் எழுந்து நின்றாள்.

“எறும்போட நிஜ நீளம்?”

“எட்டு மில்லிமீட்டர், மிஸ்.”

“படம்?”

“முந்நூத்தி இருபது. எட்டால வகுத்தா நாப்பது. உருப்பெருக்கம் நாப்பது மடங்கு. கணக்குல தப்பிருந்தா சொல்லுங்க.”

கணக்கில் தப்பில்லை. மிஸ்ஸுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

“படம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. கூரான பென்சில், மெல்லிய கோடு. சுவத்துல ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா? பரீட்சைக் குழு போட்ட விதி. மீறினா என் தலைதான் உருளும். ஒழுங்கா, சின்னதா வரைஞ்சு கொண்டா.”

“மாட்டேன், மிஸ்.”

சிரிப்பு நின்றது.

“இந்த நோட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது இல்லேன்னா செய்முறைத் தேர்வுக்கு உள்ளயே விட மாட்டாங்க. ஒரு வருஷம் வீண். தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்பவுமா?”

“அப்பவும்தான்.”

பக்கத்தில் இருந்தவள் தயங்கித் தயங்கி எழுந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவள். வகுப்பில் அவளுக்கு அமுக்குணி என்று பெயர்.

“மிஸ், அது வந்து...”

வாயாடி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “நீ பேசாம இருடி!”

“அவளை எதுக்கு மிரட்டறே? அவ நோட்டைப் பாரு. அரைப் பக்கம், அச்சு மாதிரி இருக்கு. நீ வாம்மா. இந்த எறும்பைப் பார்த்து போர்டுல வரைஞ்சு காட்டு. இந்த மகாராணி கத்துக்கட்டும்.”

மேசையில் இருந்த கண்ணாடித் தட்டு ஒன்றை நகர்த்தி வைத்து, கையில் லென்ஸைக் கொடுத்தார்.

வாயாடியின் முகம் முதல்முறையாக வெளுத்தது. “வேண்டாம் மிஸ்! நானே சின்னதா வரைஞ்சு தர்றேன்!” என்று முன்னால் ஓடி வந்தாள்.

“இப்பத்தான் பயம் வந்துதா? ஓரமா நில்லு.”

அமுக்குணி லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு போர்டில் வரைந்தாள். தலை, இரண்டு உணர்கொம்பு, மார்பு, வயிறு, ஆறு கால். ஒரு மூட்டுகூடத் தப்பவில்லை. வகுப்பு கைதட்டியது.

மிஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. கால்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தட்டை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

கோபத்தில் தட்டு மாறியிருந்தது. உள்ளே இருந்தது அடுத்த பாடத்துக்கு எடுத்துவைத்த சிலந்தி.

வாயாடி கிட்ட வந்தாள். அந்தக் கணீர்க் குரல் காற்றாகத்தான் வந்தது.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மிஸ். அவளுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. தெரிஞ்சா சயின்ஸ் குரூப்லேர்ந்து தூக்கிடுவாங்கன்னு தினம் அழறா. என் படத்தைப் பார்த்துத்தான் அவ படிக்கிறா, வரையறா. எனக்குக் கையெழுத்தே வேண்டாம், மிஸ்.”

மிஸ் தட்டை மூடினார். வாயாடியின் நோட்டில் கையெழுத்துப் போட்டார். நேரே போய், சுவரில் இருந்த விதித் தாளைச் சர்ரென்று கிழித்தார்.

“எல்லாரும் கேளுங்க. இன்னியிலேர்ந்து ஒவ்வொருத்தரும் ரெண்டு பக்கத்துக்கு, தடிக் கோட்டுல வரையறீங்க. பரீட்சைக் குழு ஏன்னு கேட்டா, ‘எங்க மிஸ்ஸுக்குக் கண்ணு சரியாத் தெரியலை’ன்னு சொல்லுங்க!”