நீக்கப்பட்ட புள்ளி

புள்ளியியலாளர் மாநாட்டின் இரண்டாம் நாள். புயலில் இறந்தவர்களைப் பற்றிய கட்டுரையைப் பேராசிரியர் ஆரோக்கியநாதன் வாசித்துக்கொண்டிருந்தார். திரையில் ஊருக்கு ஒரு புள்ளி. எல்லாம் ஒரே நேர்கோட்டை ஒட்டிக் கிடக்க, ஒன்று மட்டும் வெகு உயரத்தில் நின்றது. சாவு அங்கே அவ்வளவு அதிகம்.

"இந்த ஒரு ஊரு நேர்கோட்டையே மேல இழுத்துடுது. அதனால நீக்கிட்டோம்" என்று அடுத்த படத்துக்குப் போனார். கோடு அழகாகப் படிந்தது. சபை கைதட்டியது. நீக்கிய அந்தப் புள்ளி மட்டும் அங்கேயே இருந்தது.

"திரையில அழுக்கு போல, சார்" என்று மாநாட்டை நடத்தும் செண்பகவல்லி மேடையேறிக் கைக்குட்டையால் துடைத்தாள். போகவில்லை. புரொஜெக்டரை அணைக்கச் சொன்னாள். வெறும் திரையிலும் அது கறுப்பாக நின்றது. கைக்குட்டை நனைந்திருந்தது, முகர்ந்தாள், கடல் வாடை.

"அது எந்த ஊரு சார்?"

அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "பேரைக் குறிச்சு வெச்சுக்கலம்மா. நீக்கினதுக்கு எதுக்குப் பேரு?"

பின்னால் காலியாகக் கிடந்த வரிசைகளில், யாரோ உட்கார வருவதுபோல, நாற்காலிகள் ஒவ்வொன்றாக இழுபடத் தொடங்கின.