பிரஷ்ஷும் காபி டம்ளரும்

ஞாயிறு காலையில் கோமளாவும் ரெஜினாவும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, சுவர்த்திரையில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டே படம் வரைவார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் ரெஜினா பிரஷ்ஷைக் காபி டம்ளரில் விட்டு அலசுவாள். காலேஜ் நாளிலிருந்து அப்படித்தான். சில வாரங்களாக ஒரு தடவைகூட அது நடக்கவில்லை.

கோமளாவுக்கு உறுத்தியது. வேலை இருப்பவர்கள் திரையில் தங்களுக்குப் பதிலாகப் பேச, கணினி உருவாக்கும் பதிலியை விட்டுப் போவது ஊரில் சகஜம்தான். அதே முகம், அதே குரல், அதே கைவாகு. ஆனால் சிநேகிதியிடம் சொல்லாமல் செய்வதா?

"என்னடி, இன்னிக்குக் காபி இல்லையா?"

"இந்தா பக்கத்துலதான் இருக்கு. நீ வானத்தப் பாரு, நீலம் வழியுது."

பதில் கச்சிதமாக இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

அடுத்த ஞாயிறு, கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தாள். திரையில் தன் பதிலியை விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ரெஜினா வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலி. திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. ரெஜினாதான்.

"எங்கடி போன? உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன். முன்னல்லாம் என் மஞ்சளப் பாத்தாலே திட்டுவ. இப்ப எதக் காட்டினாலும் நல்லாருக்குங்கற. அதான் நீதானான்னு பாக்க வந்தேன்."

கோமளா மறுபடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். திரையில் அவளுடைய பதிலி, ரெஜினாவின் மஞ்சளைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் ரெஜினாவின் பதிலி விழுந்து விழுந்து சிரித்தபடி பிரஷ்ஷைக் காபி டம்ளரில் விட்டு அலசியது.