முந்திக்கொள்ளும் ஆமென்

சாப்பாட்டுக்கு முன் ஆசீர் செய்யும் ஜெபம் எப்போதும் ஒரே வரியில்தான் முடியும்: “எங்க பக்கத்துலயே இருக்கிறீரே ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்.” மகன் ஷெல்டனுக்கு அதுவரை பொறுக்காது. வரி முடியுமுன்பே “ஆமென்” என்று முந்திக்கொண்டு தட்டை இழுப்பான். அவன் குளத்தில் மூழ்கிப்போன பிறகு ஆசீர் அந்த வரியை விட்டுவிட்டார். கண்ணை மூடுவார், ஒன்றும் சொல்லாமலே திறப்பார். நன்றி சொல்ல என்ன இருக்கிறது?

இன்று மத்தியானம் மனைவி பியூலா இரண்டு தட்டுகளில் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஆசீர் கண்ணை மூடினார். வாய்ப்பழக்கத்தில் அது தானாக வந்துவிட்டது. “எங்க பக்கத்துலயே இருக்கிறீரே…”

“ஆமென்.”

அவசரமான குரல். கூடவே ஒரு தட்டு இழுபடும் சத்தம். பியூலா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“கண்ணத் தொறந்துராதீங்க,” என்றாள். “இன்னும் ஏதாவது நன்றி சொல்லுங்க.”

ஆசீர் சோற்றுக்கு நன்றி சொன்னார். உப்புக்கு, தண்ணீருக்கு, முதுகில் விழும் ஜன்னல் வெயிலுக்கு, அவளுடைய கைக்கு. பக்கத்தில் யாரோ பசியோடு காத்திருப்பது தெரிந்தது. நன்றி சொல்ல ஏதும் மிச்சமில்லாமல் போய், கண்ணைத் திறக்க வேண்டி வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் வந்தது.