மனசைப் படிக்கும் டி.வி.

உலகக் கோப்பைக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை அடித்துவிட்டு ஊர் திரும்பிய ஞானப்பிரகாசத்துக்கு, வீட்டில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ரத்தம் கொதித்தது.

"பார்க்கத்தான் உட்கார்ந்தோம் மாப்ளே," என்று நெளிந்தார் மாமனார். "பாழாப்போன டி.வி. எங்க மனசைப் படிச்சிட்டு, அதுவா கிரிக்கெட்டுக்குத் தாவிடுச்சு."

"அதுவும் பழைய மேட்ச்சுங்க," என்றாள் மனைவி ஸ்டெல்லா.

"அப்போ உங்க மனசுல நான் இல்லை. எல்லாரும் வெளியே போங்க!"

கதவைச் சாத்திவிட்டு, தன் கோலைத் தனியாகப் பார்க்க உட்கார்ந்தான். திரையில் பந்தோடு பாய்ந்து வந்து காலை ஓங்கினான்.

திரை மின்னியது. "கடைசி ஓவர், இன்னும் பதினான்கு ரன்!" என்று அலறியது.

ஞானப்பிரகாசம் திடுக்கிட்டான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மாப்ளே," என்றது கதவுக்கு வெளியே ஒரு குரல், "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க!"