தும்மிய நத்தார் மரம்

மூன்றாவது தடவையும் மரம் சாய்ந்தபோது மில்ரன் அதைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. கல்லுப் பொறுக்கிக்கொண்டு வாறன்," என்றாள் அவன் மனைவி பிறின்சி.

பெயின்ற் வாளிக்குள் கடற்கரை மணல் போட்டால் போதும், கல் எதற்கு என்று காலையில் சொன்னவன் அவன்தான்.

கூரையை முட்டும் சவுக்கங்கொப்பு. நட்சத்திரம், கண்ணாடிப் பந்துகள், மினுங்கும் லைற், பனிக்குப் பதிலாக மருந்துக்கடைப் பஞ்சு, எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் மரத்துக்கு நிற்கத் தெரியாது என்பது தெரியவந்தது. விட்டால் நேரே பாலன் குடிலின் மேல் விழும். பிள்ளைகள் இரண்டு நாளாக வைக்கோல் ஒட்டிக் கட்டிய குடில். அவர்கள் கரோல் பழகக் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

பிறின்சி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. படலையடியில் ஒரு குரல் கேட்டது.

"பிறின்சி! இருக்கிறியே?"

மில்ரனின் அக்கா றோசம்மா. மூன்று வருடங்களுக்குப் பிறகு.

அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்த அன்று, சம்பந்தி வீட்டார் பந்தியில் இருக்க, நண்டுக்கறியைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "என்ன அக்கா, கடல்தண்ணியை அப்பிடியே சட்டிக்குள்ள ஊத்திட்டியோ?" என்று கேட்டுவிட்டான் மில்ரன். பந்தி முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. அவள் பேசாலையில், இவன் ஓலைத்தொடுவாயில்; ஒரே கடற்கரை. நடுவில் ஒரு பஸ் ஓட்டம்தான். இரண்டு பேரும் ஏறவில்லை.

முதலில் அவள் வரட்டும் என்று இருந்தான். இப்போது வந்துவிட்டாள். அவன் மரத்துக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டான். ஊசி இலைகளுக்குள்ளிருந்து மனைவியைப் பார்த்துத் தலையைப் பலமாக ஆட்டினான். நான் இல்லை என்று சொல்லு.

"அவர் கடலுக்குப் போட்டார், மச்சாள்," என்றாள் பிறின்சி.

மில்ரன் கண்ணை மூடிக்கொண்டான். காற்றுக்குப் பயந்து மூன்று நாளாக ஒரு வள்ளமும் இறங்கவில்லை. அது பேசாலைக்காரிக்குத் தெரியாதா?

"அப்பிடியே?" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். பிறின்சி தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் ஓடினாள்.

அக்கா அங்கிருந்தபடியே குசினிக்குக் கேட்கிற மாதிரிப் பேசத் தொடங்கினாள்.

"உன்ர மனுசனுக்கு வாய் மட்டும்தான், பிள்ளை, வளந்தது. ஆறு வயசு மட்டும் பாயில மூத்திரம் பெய்தவன். அந்தப் பாயை ஆர் தோய்ச்சது? நான்!"

ஐந்து வயது, என்று கத்த வேண்டும் போலிருந்தது மில்ரனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டான். கொப்போடு வந்த முசுறு எறும்புகள் இரண்டு, சாரத்துக்குள் ஏறி வழி தேடிக்கொண்டிருந்தன. ஒரு துண்டுப் பஞ்சு மெல்லக் கழன்று மூக்கில் வந்து குந்தியது.

மரம் தும்மியது.

பந்துகள் எல்லாம் கிணுகிணுத்தன. பிறின்சி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கழுதை, மச்சாள்! பின் யன்னலடியில வந்து நிக்குது."

"ஓம் ஓம். சத்தத்திலயே தெரியுது," என்றாள் அக்கா.

பிறின்சி திரும்பிப் போனாள். பிறகு அக்காவின் குரல் வந்தது. இந்த முறை குசினிக்குக் கேட்காது.

"மூண்டு நத்தாரா அவனுக்கெண்டு வெட்டின கேக், வைச்ச இடத்திலயே காய்ஞ்சு கிடக்குது."

மில்ரனுக்குக் கண் கலங்கியது. முசுறு கடித்ததால் என்று நினைத்துக்கொண்டான்.

போன் வந்ததாகச் சொல்லி அக்கா வாசல்வரை போனாள். திரும்பி வந்தவள் கதிரையில் இருக்கவில்லை. குடிலுக்கு முன்னால் தரையில் குந்தி, "இந்த இடையனை ஆர் குப்புற வைச்சது?" என்று முணுமுணுத்தபடி எதையோ கிண்டினாள். எதையோ அமத்தினாள். கண்ணில் நீரும் முகத்தில் இலையுமாக நின்றவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலடிச் சத்தம். படலை திறந்து மூடியது.

பிறின்சி தேத்தண்ணீரோடு வந்து பார்த்தாள். கதிரை வெறுமையாக இருந்தது.

மில்ரன் மரத்திலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தான். விழப்போகிறது என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்து நின்றான்.

மரம் அசையவில்லை. கோயில் தூண் மாதிரி நின்றது.

குனிந்து பார்த்தான். வாளிக்குள், அடிமரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக, இறுக்கிச் செருகியிருந்தது ஒரு சோடிச் செருப்பு. குதி தேய்ந்த மண்ணிறச் செருப்பு.

பிறின்சியின் செருப்பு அல்ல.

வெளியே பஸ் வரும் இடம்வரை ஒழுங்கைப் பாதை முழுக்க நெருஞ்சி முள்.

"ஐயோ, அதில கை வைக்காதேங்கோ!" என்று பிறின்சி கத்துவதற்குள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடினான். படலையைத் தாண்டும்போது பின்னால் பெரிய சத்தம் கேட்டது. கண்ணாடிகள் உடையும் சத்தமும் மனைவி மாதாவைக் கூப்பிடும் சத்தமும் ஒன்றாக வந்தன. அவன் திரும்பவில்லை.

"அக்கோய்!"

தூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. வேலி முடியும் இடத்தில், கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின் மேல், கால்களைத் தொங்கப்போட்டு ஆட்டியபடி இருந்தாள் றோசம்மா.

"மரம் விழுந்திட்டுதே?" என்று கேட்டாள்.