பித்தளைப் பகடை

கையால் உருட்டாத பகடை பகடையே அல்ல. போனில் உருட்டுகிறவன் வீரனும் அல்ல, மனிதனும் அல்ல.

கழக்கூட்டம் என்ற ஊரில், வினீத்தின் ஃபிளாட்டில் சனிக்கிழமைதோறும் கூடி, ஆளுக்கொரு வீரனாக மாறிக் கதை விளையாடுகிறோம். கதையை நடத்துவது வினீத். மற்றவர்கள் போனில் ஓர் ஆப்பைத் தொடுவார்கள். எண் அவரவர் பெயரோடு டிவியில் வரும். திரையைத் தேய்க்கிற விரலில் வீரம் எங்கிருந்து வரும்? நான் சாலை பஜாரில் சொல்லிச் செய்த இருபது முகப் பித்தளைப் பகடையைத்தான் உருட்டுவேன். அந்த ஆப் என் போனில் கிடையாது.

அன்று டிவியில் என் பெயரும் வந்தது, 'நம்பி: 7' என்று. பிறகுதான் நான் உருட்டினேன். ஏழு விழுந்தது.

"எடா வினீத், கள்ளத்தனம் காட்டாதே."

"நானொண்ணும் தொடலை அளியா. நீயும் ஆப்புல கேறிட்டியோன்னு நெனச்சேன்."

அடுத்து 'நம்பி: 12' வந்தது. பன்னிரண்டே விழுந்தது.

இரண்டு வருடமாக நான் வளர்த்த வீரன் மலைவிளிம்பில் தொங்கினான். பத்துக்குக் குறைந்தால் செத்தான். பகடையைக் கையில் எடுத்தேன். டிவியில் 'நம்பி: 1' என்று வந்தது.

"உருட்டுடே வீரா," என்றாள் மேசைக்கு எதிர்ப்பக்கம் விளையாடிக்கொண்டிருந்த அனுஷா. "பித்தளைக்கு வேர்க்குதா?"

"பாத்ரூம் போயிட்டு வரேன்," என்று பகடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கதவைச் சாத்திக்கொண்டு ஆப்பை இறக்கினேன். பெயர் கேட்டது, 'நம்பி' என்று அடித்தேன். அந்தப் பெயரில் ஒருவர் விளையாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

வெளியே மேசைமேல் பித்தளை உருளும் சத்தம் கேட்டது. என் பகடை என் சட்டைப்பையில் இருந்தது.

'நம்பி 2' என்று மாற்றி அடித்து, திரையில் வந்த பகடையை விரலால் தொட்டேன்.