அக்கா, நீங்களே மோந்து பாருங்க

அடுப்போடு முகத்தை ஒட்டவைத்து மூச்சை இழுத்தான்.

ஒன்றுமில்லை.

இன்னொரு தரம் இழுத்தான். இழுத்து என்ன புண்ணியம்? மூக்கா அது? முகத்துக்கு நடுவில் சும்மா ஒரு மேடு. தை மாதம் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிப்பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

பாட்டு வாத்தியாருக்குக் காது போனாலாவது ஊர் பரிதாபப்படும். கேஸ் அடுப்பு ரிப்பேர்காரனுக்கு மூக்கு போனால் பிழைப்பே போச்சு. வெளியே தெரிந்தால் எவன் கூப்பிடுவான்? பயத்தில் பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஆனால் ஆள் கில்லாடி. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான்.

“அக்கா, நான் சொன்னா எனக்குச் சாதகமாத்தான் சொல்லுவேன். நீங்களே மோந்து பாருங்க.”

போகிற வீட்டிலெல்லாம் இதையே சொன்னான். அடடா, இருதயராஜ் மாதிரி நேர்மையான ஆள் உண்டா என்று உறையூர் முழுக்கப் பேராகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் அவனுக்குக் கூசியது.

இன்றைக்கு வந்தது இரண்டாவது மாடி வீடு. அடுப்பில் கேஸ் வாடை வருகிறது என்று வசுமதி என்ற அக்கா போன் பண்ணியிருந்தாள். பழைய ட்யூபை எடுத்துவிட்டுப் புதுசு போட்டான். இரண்டு முனையிலும் சோப்பு நுரை தடவினான். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. இறுகிக் கிடந்த அடுப்புத் திருகைக் கழற்றி, கிரீஸ் வைத்து மாட்டினான்.

திருகுக்கு உள்ளே கசிந்தால் நுரை காட்டிக்கொடுக்காது. அங்கே மூக்கு சொல்வதுதான் கணக்கு.

வசுமதி குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கொஞ்சம் அதிக நேரமே எடுத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் வரலைங்க.”

அப்பாடா என்று பையைத் தூக்கினான்.

படி இறங்கினான். மனசு மட்டும் இறங்க மாட்டேன் என்றது.

பாதிப் படியில் நின்றான். ஸ்பேனரை விட்டுவிட்டோமா? பையைத் திறந்து பார்த்தான். இருந்தது. ட்யூபுக்குக் கிளிப் போட்டோமா? போட்டாச்சு, இறுக்கியும் ஆச்சு. அப்புறம் என்ன எழவு இது, உள்ளுக்குள் இப்படிப் பிறாண்டுகிறது?

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான்.

கீழ்வீட்டு நூர்ஜஹான் வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள்.

“சரியாப் போச்சா? நாந்தான் ஆளக் கூப்பிடச் சொன்னேன். கறிவேப்பிலை கேக்கப் போனா, குப்புனு அடிக்குது. அடுப்புகிட்டயே நிக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியல. நெதம் பால் தீயுது, மாடிப்படி பூரா நாத்தம். கேட்டா, கவனிக்கலம்பாங்க.”

கவனிக்கல.

நேற்று அவன் கண்ணெதிரே சட்டியில் குழம்பு அடிப்பிடித்தது. பெண்டாட்டி கத்தியபோது அவன் சொன்னதும் அதே வார்த்தைதான்.

சட்டென்று மாடியை நிமிர்ந்து பார்த்தான்.

ஐயோ. அந்த அக்காவுக்கும் வாசனை தெரியாது!

பையை அப்படியே போட்டான். படிகளைத் தாவித் தாவி ஏறினான். என்னாச்சு, என்னாச்சு என்று நூர்ஜஹானும் பின்னாலேயே வந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. விரல் காலிங் பெல்லுக்குப் போனது.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். உள்ளே கேஸ் பரவியிருந்தால் ஒரு பொறி போதும்.

இரண்டு கையாலும் கதவை அறைந்தான்.

“அக்கா! பத்த வைக்காதீங்க! சுவிட்ச் எதையும் தொடாதீங்க!”

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம். அப்புறம் காலடிச் சத்தம். அது வாசலுக்கு வருகிறதா, அடுப்படிக்குப் போகிறதா? மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுத்தது. வாழ்நாளில் அவன் அவ்வளவு பயந்ததில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

வசுமதி நின்றாள். கையில் லைட்டர்.

“டீ போடலாம்னு…”

பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். ரெகுலேட்டரை மூடினான். ஜன்னல்களைத் திறந்தான். வசுமதி ஒன்றும் புரியாமல் அவன் பின்னாலேயே வந்து அடுப்பருகே நின்றாள்.

நூர்ஜஹான் வாசற்படியைத் தாண்டவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“யா அல்லா! இந்த நாத்தத்துல ரெண்டு பேரும் எப்படி நிக்கிறீங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“எனக்கு வாசனை தெரியாதுக்கா. தை மாசத்துலேருந்து.”

“வாசனை தெரியாத ஆளு எதுக்கு இந்த வேலைக்கு வர்றீங்க? குடும்பத்தோட கொளுத்தவா?”

கேட்டது நூர்ஜஹான். நியாயமான கேள்விதான். அவன் தலையைத் தொங்கப்போட்டான். நாளைக்குள் உறையூர் முழுக்கத் தெரிந்துவிடும்.

வசுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் குரல் மட்டும் வந்தது.

“எனக்கும்தான் தெரியாது. வாயில வச்சாலும் ருசி தெரியாம நாலு பேருக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன். வீட்ல யாருகிட்டயும் சொல்லல.”

காற்று ஜன்னல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது.

பிறகு வசுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

“அவரு இன்னொரு தரம் கழட்டி மாட்டட்டும். கொஞ்ச நேரம் நீங்க பக்கத்துல நில்லுங்களேன்.”

நூர்ஜஹான் அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.